மகிழ்ச்சி உபகமிட்டி

மே 4, ஞாயிறு

இன்று ஆராதனையில் ஆளைவிட மின்விசிறிதான் அதிகம். எல்லா விசிறியும் ஓடியது. யாருக்காக ஓடியது என்று கேட்டால் பதில் இல்லை. முன் பெஞ்சுகளைத் தாண்டிப் போன காற்றுக்கு ஒரு மனுஷத் தலைகூட அகப்படவில்லை. கரண்ட் பில்லைப் பற்றிக் கமிட்டியில் பேச வேண்டும்.

ஆராதனை முடிந்ததும் எட்வின் ஐயர் கமிட்டிக்காரர்களைக் கோயிலை ஒட்டின வெஸ்ட்ரி அறைக்குள் கூப்பிட்டார். ஐயர் சின்ன வயசு. போன கிறிஸ்துமஸுக்குத்தான் எங்கள் சபைக்குக் குருவானவராக வந்தார். ஞானக்குளம் சபைக்கு இனித் தனியாக ஒரு ஐயர் தேவையா, இல்லை பக்கத்து ஊர் மேலக்கரைச் சபையோடு இணைத்துவிடலாமா என்று மேலே திருமண்டல ஆபீஸில் யோசிக்கிறார்களாம். இணைத்துவிட்டால் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் ஆராதனை, மற்ற நாளெல்லாம் பூட்டு. ஜூன் 8, பெந்தெகொஸ்தே திருநாள் அன்று சாயங்கால ஆராதனைக்குத் திருமண்டலத்திலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வார்களாம்.

என் கல்யாணம் இந்தக் கோயிலில்தான். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானமும் இங்கேதான். பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்ற கையோடு சபைச் செயலாளர் ஆனவன் நான். என் அடக்க ஆராதனையும் இங்கேதான் என்று கல்லறைத் தோட்டத்தில் வேப்பமரத்தடியில் இடம்கூடப் பார்த்து வைத்திருக்கிறேன். பூட்டிக் கிடக்கிற கோயிலுக்கு என்னை எப்படிக் கொண்டுவருவார்கள்?

"ஆளு குறையல அண்ணாச்சி, சந்தோஷம்தான் குறைஞ்சு போச்சு," என்றார் ஐயர். ஆள் எங்கே போனது என்று ஊருக்கே தெரியும். பழைய ரைஸ் மில் பக்கத்தில் தங்கத்துரை தகரக் கொட்டகை போட்டு ஜெபக்கூடம் நடத்துகிறான். முன்னால் பரோட்டாக் கடை வைத்திருந்தவன். இன்றைக்கும் அவன் கைதட்டினால் மாவு அடிக்கிற சத்தம்தான் கேட்கிறது. ஞாயிறு சாயங்காலம் அது எங்கள் வீட்டு ஜன்னல் வரை வரும். நான் எழுந்து ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

என் மனைவி ரத்தினபாய் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். பிரஷர் மாத்திரை. அவள் சொல்லாவிட்டால் எனக்கு ஞாபகம் வராது.

மே 6, செவ்வாய்

மேலத்தெரு பாக்கியமுத்து நாடார் காலமானார். காலையில் நான் சவரம் செய்துகொண்டிருக்கும்போது ஒற்றை மணி கேட்டது. ஒரு அடி, பிறகு நிறுத்தி இன்னொரு அடி. எங்கள் ஊரில் இந்த மணி கேட்டால் அடுப்பில் பால் இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டுக் கோயில் வாசலுக்கு ஓடி வந்து "யாரு?" என்று கேட்பார்கள். கிறிஸ்தவன், இந்து, ஜெபக்கூடத்துக்காரன் என்று பேதம் கிடையாது.

அடக்க ஆராதனைக்குக் கோயில் நிறைந்து வழிந்தது. இவ்வளவு பேரைப் பார்த்து ரொம்ப நாளானதால் ஆர்கன் வாசிக்கிற சற்குணம் டீச்சருக்குக் கை தடுமாறிவிட்டது. பொருளாளர் வேதமுத்து என் காதுக்குள், "மாசிலாமணி, அந்தத் திருமண்டலத்தாள இன்னைக்கு வரச் சொல்லியிருக்கலாம்வே," என்றான். சவத்தை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது? ஆனால் எனக்கும் அதே நினைப்புதான்.

மே 7, புதன்

கமிட்டி கூடியது. ஆராதனையில் கைதட்டிப் பாட வேண்டும், சந்தோஷமாகப் பாட வேண்டும் என்று ஐயர் கேட்டுக்கொண்டார். நான் எழுந்து கடுமையாக எதிர்த்தேன். நம்முடைய ஆராதனைக்கு ஒரு ஒழுங்கு உண்டு, இது பரோட்டாக் கடை அல்ல என்றேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பிறகு எல்லோரும் ஐயருக்குச் சாதகமாகக் கை தூக்கிவிட்டார்கள்.

கீழ்க்கண்டவாறு தீர்மானம் நிறைவேறியது: பெந்தெகொஸ்தே திருநாள் முதல் ஞானக்குளம் சபையில் மகிழ்ச்சி இருக்கும். அதை ஏற்பாடு செய்ய ஒரு உபகமிட்டி. எதிர்த்துப் பேசினவனுக்குத்தான் விஷயம் தெரியும் என்று என்னையே அமைப்பாளராகப் போட்டுவிட்டார்கள். பொறுப்பு என்று வந்துவிட்டால் நான் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. சபை பூட்டப்படாமல் இருக்க மகிழ்ச்சிதான் வழி என்றால் முறைப்படி மகிழ்ந்துவிட வேண்டியதுதான்.

மே 11, ஞாயிறு

சாயங்காலம் ரத்தினம் தன் தங்கை ஜெயத்தைப் பார்க்கப் போனாள். ஜெயத்துக்கு முழங்கால் வலியாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் அது கூடிவிடுகிறது. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உபகமிட்டி விதிகளை எழுதினேன். கைதட்டும்போது கை தோளுக்கு மேல் போகக் கூடாது. முதலில் ஆண்கள் பக்கம், பிறகு பெண்கள் பக்கம். அல்லேலூயா சொல்வதற்கு ஒரு ஆள் நியமிக்கப்பட வேண்டும். ஆளாளுக்குச் சொல்லக் கூடாது.

மே 14, புதன்

அல்லேலூயாவுக்கு வேதமுத்துவை நியமித்தோம். அவன் தோட்டத்தில் வைத்துப் பழகிப் பார்த்ததில் எருமை கட்டை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதாம். குரலை இன்னும் கொஞ்சம் கனிவாக்கச் சொல்லியிருக்கிறேன்.

கையில் தட்டிக் குலுக்குகிற டாம்பரின் ஒன்று வாங்க வேண்டும் என்றார் ஐயர். மூன்று கடையில் விலைப்புள்ளி கேட்காமல் எதையும் வாங்குவதில்லை என்பது சபை விதி. திருநெல்வேலிக்குப் போய் வெயிலில் அலைந்து வாங்கிவந்தேன். யாரும் அநாவசியமாகத் தொடாதபடி வெஸ்ட்ரி பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று. சாவி வேதமுத்துவிடம்.

மே 16, வெள்ளி

ரத்தினத்தின் உள்ளங்கை இரண்டும் சிவந்திருக்கிறது. கேட்டதற்கு, பாத்திரம் தேய்க்கிறேனே, சிவக்காமல் என்ன செய்யும் என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. கடைக்குப் போய்ப் பழைய கம்பி நாருக்குப் பதிலாக மெத்தென்ற ஸ்பான்ஜும், கைக்கு இதமான சோப்பும் வாங்கிவந்தேன். அவள் அதைக் கையில் வாங்கிக்கொண்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எதற்காகவோ சிரித்தாள்.

மே 18, ஞாயிறு

உபகமிட்டி தீர்மானப்படி ஜெபக்கூடத்தின் மகிழ்ச்சியை நேரில் ஆய்வு செய்யப் போனேன். அமைப்பாளரே போக வேண்டும் என்று வேதமுத்து அடம் பிடித்துவிட்டான். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். டீக்கடைக்காரன், "என்ன செக்ரட்டரி ஐயா, வேவு பாக்க வந்தீகளா?" என்று சத்தமாகக் கேட்டான். பல்வலி என்று சொல்லி ஒரு டீ வாங்கி வைத்துக்கொண்டேன்.

கண்டவை: ஒழுங்கு என்று ஒன்று இல்லை. அச்சடித்த ஆராதனை முறைமை இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பாடுகிறார்கள், அழுகிறார்கள், சிரிக்கிறார்கள். தங்கத்துரை நெற்றி வியர்வையை வழித்து உதறிவிட்டுத் தட்டுகிறான். நம் சபையில் தூங்கி வழிகிற சவுந்தரராஜ் அங்கே குதித்துக்கொண்டிருக்கிறான். பெண்கள் பக்கத்தில் சோடா பாட்டில் பச்சையில் சேலை கட்டின ஒரு அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றிப் பாடினாள். அந்தக் குரல் மற்றவர்கள் குரலுக்கு மேலே ஏறித் தனியாக நின்றது. முகம் சரியாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சேலை உண்டு. திருநெல்வேலிக் கடைகளில் ஒரே மாதிரிச் சேலையை ஊர் முழுக்க விற்றுவிடுகிறார்கள்.

டீ ஆறிவிட்டது. குடிக்காமல் வந்துவிட்டேன்.

மே 19, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. ராத்திரி தூங்கவில்லை. வெக்கை.

மே 20, செவ்வாய்

கொடியில் பாட்டில் பச்சைச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. நான் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சினேன்.

உபகமிட்டியில் ஆய்வறிக்கை கொடுத்தேன். நம்ம ஆட்கள் யார் யாரை அங்கே பார்த்தாய் என்று வேதமுத்து கேட்டான். இருட்டாக இருந்தது என்றேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கா இருட்டு என்றான். மேகம் போட்டிருந்தது என்றேன். வேதமுத்து என் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்கு மேல் கேட்கவில்லை. நல்லவன்தான்.

மே 22, வியாழன்

ஜெயம் வீட்டுக்கு வந்தாள். முன்வாசலில் நாய் படுத்திருந்ததால் பக்கச் சுவரில் கை ஊன்றித் தாண்டிக் குதித்து உள்ளே வந்தாள். "முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "எந்த முழங்கால் அத்தான்?" என்றாள். அடுக்களையிலிருந்து ரத்தினம் பலமாக இருமினாள். உடனே ஜெயம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

முழங்கால் வலி இப்படித்தான். இடம் மாறும்.

மே 31, சனி

மகிழ்ச்சி ஒத்திகை நடந்தது. அச்சடித்த ஆராதனை முறைமையில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் 'இங்கே மகிழவும்' என்று போட்டிருந்தேன். நான் வெஸ்ட்ரி மேஜைமேல் இருக்கும் சின்ன மணியைத் தட்டினால் மகிழ்ச்சி ஆரம்பம். மறுபடி தட்டினால் முடிவு.

வந்திருந்தவர்கள் தட்டினார்கள். தட்டினார்கள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கொசு அடிப்பவன்கூட இதைவிட உற்சாகமாக அடிப்பான். மகிழ்ச்சி எந்த சுருதியில் வேண்டும் என்று சற்குணம் டீச்சர் கேட்டார். வேதமுத்து பாவ அறிக்கையின் நடுவில் அல்லேலூயா சொல்லிவிட்டான். அவனுடைய பிரதியில் பக்கம் மாறியிருந்தது.

ரத்தினம் கடைசிப் பெஞ்சில் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவைகூடத் தட்டவில்லை. அமைப்பாளர் பெண்டாட்டியே தட்ட மாட்டேன் என்கிறாளே என்று யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

ஜூன் 1, ஞாயிறு

காலை ஆராதனை முடிந்து வந்து, ரத்தினத்துக்குக் கைதட்டச் சொல்லிக்கொடுத்தேன். அடுக்களையில் நிற்க வைத்து, வலது கை இப்படி, இடது கை இப்படி, தோளுக்கு மேல் போகக் கூடாது என்று செய்து காட்டினேன். அவள் குழந்தை மாதிரி நான் சொன்னபடியே தட்டினாள். சத்தமே வரவில்லை. இன்னும் கொஞ்சம் பழக வேண்டும் என்று சொன்னேன்.

"இந்தச் சந்தோஷம் எப்பங்க வரும்?" என்று கேட்டாள்.

"மணி அடிச்சதும்."

"எப்ப போவும்?"

"ரெண்டாவது மணிக்கு."

சரி என்று தலையாட்டிவிட்டுக் குழம்பை இறக்கினாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பின்னாலிருந்து பார்த்தால் தெரியவில்லை. முன்னால் போய்ப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. சாயங்காலம் ஜெயத்துக்கு முழங்கால் வலி வந்துவிட்டது.

ஜூன் 4, புதன்

கைதட்டும் சத்தத்தில் மேஜை மணி கேட்காது என்று வேதமுத்து ஆட்சேபித்தான். ஒத்திகையில் எல்லாம் நன்றாகக் கேட்டது, ஆனால் அன்றைக்கு நிஜமாகவே தட்டிவிட்டால் என்ன செய்வது? நியாயமான கேள்வி. ஆகவே கோபுரத்துப் பெரிய மணியையே அடிப்பது என்று முடிவு செய்தோம். பண்டிகைக்கு அடிக்கிற மாதிரித் தொடர்ந்து அடித்தால் பாட்டு கேட்காது. ஆரம்பத்துக்கு ஒரு அடி, முடிவுக்கு ஒரு அடி போதும். மணியடிக்கிற கோயில்குட்டியார் இஸ்ரவேலுக்குக் காது மந்தம். நான் பக்கவாசலில் நின்று வெள்ளைத் துண்டை வீசினால் மேலேயிருந்து பார்த்து ஒரு அடி அடிப்பார். எல்லோருக்கும் திருப்தி. இவ்வளவு தெளிவாக ஒரு உபகமிட்டி வேலை செய்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 7, சனி

கோயில் கழுவி விடப்பட்டது. டாம்பரினை எடுக்கலாம் என்று பார்த்தால் பீரோச் சாவியை வேதமுத்துவின் மனைவி இடுப்புக் கொத்தோடு மதுரைக்குக் கொண்டுபோய்விட்டாள். பேத்திக்குக் காது குத்தாம்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ரத்தினம், நாளைக்குச் சாயங்காலம் ஜெயத்தைப் பார்க்கப் போகணும் என்றாள். நாளைக்குமா என்று கேட்டேன். கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது. நம்ம கோயில் பூட்டப்படுமா திறந்திருக்குமா என்று முடிவாகிற நாள், அன்றைக்குமா என்றேன்.

அவள் மோர்ச் சட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு சொன்னாள்: "கோயில்ல நான் வாயத் தெறந்து பாடினா முன்னாலேர்ந்து ஒரு பார்வ திரும்பிப் பாப்பீகல்ல, அதுல எனக்குப் பாட்டே மறந்து போவுது. ஒங்க கமிட்டி சந்தோஷத்துக்கு நான் எதுக்குங்க? நான் இல்லாட்டி ஒரு கை கொறையும், அவ்வளவுதான்."

நான் அப்படியா பார்க்கிறேன்? யார் சுருதி விலகுகிறார்கள் என்று பார்ப்பது செயலாளர் கடமை. அவள் சுருதி விலகுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மோர் ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்று மத்தியானமே கோயிலுக்குப் போய்விட்டேன். திருமண்டலத்திலிருந்து டெய்சி அம்மாள் என்று ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் ஒருவர் வந்திருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்தார். பின்னால் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. ரத்தினத்தின் இடமும் காலி. அன்றைய வேதபாடம், சத்தம் கேட்டு ஊரே கூடி வந்து நின்ற சம்பவம். ஐயர் அதை வாசித்து முடித்தார். எனக்கு அதிலெல்லாம் கவனம் இல்லை. பக்கவாசலில் துண்டோடு நின்றேன்.

முதல் பாட்டு. துண்டை வீசினேன். ஒரு அடி விழுந்தது. மகிழ்ந்தார்கள். துண்டை வீசினேன். ஒரு அடி. நிறுத்தினார்கள். டெய்சி அம்மாள் திரும்பிப் பார்த்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். இரண்டாவது பாட்டு. ஒரு அடி. வேதமுத்து கனிவாக ஒரு அல்லேலூயா சொன்னான், கன்றுக்குட்டிக்குச் சொல்வதுபோல. ஒரு அடி. எல்லாம் தாளில் இருந்தபடியே நடந்தது.

மூன்றாவது பாட்டுக்குத் துண்டை வீசி, அந்த அடி ஊருக்கு மேலே போய் ஓய்வதைக் கேட்டபோதுதான் எனக்கு உச்சந்தலையில் உறைத்தது. ஒரு அடி. நிறுத்தி, இன்னொரு அடி. அடப்பாவி மாசிலாமணி!

அதற்குள் தெருவில் ஓட்டச் சத்தம். முதலில் வந்தவன் டீக்கடைக்காரன், கையில் வடிகட்டியோடு. "யாருவே?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் மேலத்தெருப் பெண்கள் தலையை அவிழ்த்துவிட்டு ஒப்பாரியோடு வாசலில் நுழைந்துவிட்டார்கள். யாருக்கு என்று தெரியாததால் பொதுவாக அழுதார்கள். பூக்கடை முருகன் ரோஜா மாலையோடு வந்தான். பெயரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று கையோடு கொண்டுவந்துவிட்டானாம். எந்தப் புண்ணியவான் போன் போட்டானோ, பிரீசர் பெட்டி வண்டி வந்து கோயில் முன்னால் பின்பக்கமாகத் திரும்பி நின்றது.

உள்ளே நம் ஜனங்கள் இரண்டாவது மணி அடிக்காததால் நிறுத்தாமல் மகிழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தவர்கள் உள்ளே கைதட்டுகிறவர்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். கைதட்டுகிறவர்கள் ஒப்பாரியைப் பார்த்துத் திகைத்தார்கள். ஆனால் தாளில் 'மகிழவும்' என்று இருந்ததால் கையை நிறுத்தவில்லை. டெய்சி அம்மாள் ஐயர் பக்கம் குனிந்து என்னவோ கேட்டார். ஐயர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

அப்புறம் ரைஸ் மில் பக்கத்திலிருந்து ஜெபக்கூடமே எழுந்து வந்தது. சவுந்தரராஜ், தங்கத்துரை, டாம்பரினைக் கீழே வைக்க மறந்து ஓடி வந்த பெண்கள். எல்லோருக்கும் முன்னால் ஜெயம் வந்தாள். முழங்கால் நன்றாகக் குணமாகிவிட்டது.

ஜெயத்துக்குப் பின்னால் பாட்டில் பச்சைச் சேலை.

ஒரு காலில் செருப்பு இல்லை. ஆண்கள் பக்கத்து நடையில் ஓடி வந்தாள். எங்கள் கோயிலில் பெண்கள் அந்தப் பக்கம் கால் வைப்பதில்லை. ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் பக்கவாசலில் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பிறகு கிட்டத்தில் வந்து இத்தனை ஜனத்துக்கு நடுவில் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருக்கிறதா என்று பார்த்திருப்பாள் போல.

"இருக்கீகளா?" என்றாள். மூச்சு வாங்கியது. "மாத்திர மேஜ மேலேயே கெடந்துச்சே. மணி சத்தம் கேட்டதும் நான் வேற யாரையும் நினைக்கலங்க. ஒங்களத்தான் நினைச்சேன்."

"இருக்கேன்," என்றேன்.

அவள் சிரித்தாள். அழுதாள். இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். கையைத் தலைக்கு மேல் தூக்கி, நான் சொல்லிக்கொடுத்தது எதையும் மதிக்காமல் தட்டி, அல்லேலூயா என்று ஒரு சத்தம் போட்டாள். அதைக் கேட்டபோதுதான் இந்தச் சொல்லுக்கு இதுவரை நாங்கள் யாருமே நியமிக்கப்படவில்லை என்று எனக்குப் புரிந்தது.

ஐயர் மைக்கைப் பிடித்து, "யாரும் சாகல. எல்லாரும் இருக்கோம்," என்றார். பிறகு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரும் மனசுக்குள் ஒரு ஆளை நினைத்துத்தானே ஓடி வந்திருக்கிறார்கள். சொத்துத் தகராறில் அண்ணன் முகத்தில் விழிக்காத சவுந்தரராஜ், பெஞ்சு பெஞ்சாகத் தாண்டிப் போய் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேலத்தெரு ஒப்பாரி நடுவிலேயே சிரிப்பாக மாறியது. முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. டெய்சி அம்மாளாகக்கூட இருக்கலாம்.

ரத்தினம் ஒரு பழைய கீர்த்தனையை எடுத்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே பாட்டின் அடுத்த வரிக்கு ஏறினாள். தங்கத்துரை மாவு அடித்தான். ஜெபக்கூடத்துப் பெண்கள் டாம்பரின் தட்டினார்கள். நம்முடையது பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது. சற்குணம் டீச்சர் சுருதியைத் தேடிப் பிடித்துச் சேர்ந்துகொண்டார். பிரீசர் பெட்டி டிரைவர் வாசல்படியில் நின்று தாளம் போட்டான். முருகன் மாலையைத் திரும்பக் கொண்டுபோக மனமில்லாமல் டெய்சி அம்மாள் கழுத்தில் போட்டுவிட்டான். நல்ல வரவேற்பு என்று அவர் ரொம்பச் சந்தோஷப்பட்டார். அது எதற்காகக் கட்டின மாலை என்று இந்த நிமிஷம் வரை யாரும் சொல்லவில்லை.

கோபுர மணி வேறு நிற்காமல் அடித்தது. ஒற்றை அடி இல்லை, பண்டிகை அடி. இஸ்ரவேலுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று பார்த்தால், துண்டு என் கையிலேயே இருந்திருக்கிறது. துண்டோடு நான் கைதட்டியிருக்கிறேன். அது ஆட ஆட மனுஷன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். என் கை தலைக்கு மேல் போனதாக வேதமுத்து சொல்கிறான். விசாரிக்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

ஐயர் டெய்சி அம்மாளிடம் உண்மையை ஒளிக்காமல் சொல்லிவிட்டாராம். யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் அவ்வளவு கூட்டம் வந்தது என்று. அவர், "சாவுக்கு ஓடி வர்ற ஜனம் இருக்கிற எடத்தப் பூட்டச் சொல்லி நான் எழுத மாட்டேன்," என்றாராம். இணைப்பு ஒரு வருஷத்துக்குத் தள்ளிவைப்பு. நடுவில் சொல்லாமல் ஒரு நாள் வந்து பார்ப்பாராம்.

உபகமிட்டியைக் கலைத்துவிட்டோம். நான்தான் முன்மொழிந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று காலை ஆளும் மின்விசிறியும் ஏறக்குறையச் சமம். சவுந்தரராஜ் அண்ணனோடு ஒரே பெஞ்சில் இருந்தான், தூங்கவில்லை. தங்கத்துரை வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போனான். ரத்தினம் பெண்கள் பக்கத்தில் முதல் பெஞ்சில் பாட்டில் பச்சைச் சேலையில் இருந்தாள். பாடினாள். நான் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் நடைக்கு அந்தப் பக்கம் எனக்கு நேராகவே வந்து உட்கார்ந்துவிட்டதால் திரும்ப வேண்டிய அவசியம் இல்லை.

மத்தியானம் மாத்திரை போட்டேன், நானாகவே.

சாயங்காலம் ஜன்னலைச் சாத்த எழுந்தவன் சாத்தாமல் உட்கார்ந்துவிட்டேன். ரத்தினம் தலை வாரிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். ஜெயத்துக்கு முழங்கால் வலியாம், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினேன். முழங்கால் வலி பொல்லாதது. ஒரு ஆள் போய்ப் பார்த்தால் தீராது.